காக்காவுக்குப் போட்ட ஊசி

அன்று ஹஜ்ஜுப் பெருநாளைக்கு முந்திய நாள். உம்மா குசினியில் தொதல் கிண்டிக்கொண்டிருந்தார். மலைநாட்டுப் பல்கலைக்கழகத்திலிருந்து பகல் முழுக்க பஸ்ஸில் குலுங்கி வந்த நான், முகத்தைக் கழுவிவிட்டு அவருக்குப் பக்கத்தில் பலகையைப் போட்டுக் குந்தினேன். தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் வற்றுகிற வாசம். காற்று ஓய்ந்திருந்ததால் அடுப்புப் புகை கூரைக்குள்ளேயே சுற்றிக்கொண்டு நின்றது.

"என்ன மகள், வெரலெல்லாம் மஞ்சளா இரிக்கி? செங்கமாரி கிங்கமாரி புடிச்சிட்டா?"

"மருந்துக் கறை உம்மா. கழுவினாலும் போகாது."

அப்போதுதான் காக்கா உள்ளே வந்தார். ஹனீபா என்பது அவர் பெயர். என் ஒரே அண்ணன். கல்யாணம் முடித்த நாளிலிருந்து அடுத்த குறிச்சியில் மதினியின் வீட்டில் இருந்தார். கதிரையில் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்து இடுப்பைத் தேய்த்துக்கொண்டார்.

"இந்தா புள்ள, இத வெயில் படாத இடமாப் பாத்து வெய்யி. போகக்குள்ள எடுக்கிறன்."

சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன மட்டைப் பெட்டியை எடுத்து நீட்டினார். திறந்து பார்த்தேன். கண்ணாடிக் குப்பிகள். ஒன்றைச் சரித்தேன். உள்ளே இருந்தது தண்ணீரைப்போல ஓடவில்லை. எண்ணெயாக மெல்ல நகர்ந்தது. அதில் எழுதியிருந்ததை வாசிக்க வேண்டிய தேவையே எனக்கு இருக்கவில்லை. ஆனாலும் வாசித்தேன். டெஸ்டஸ்டெரோன். முந்திய கிழமைவரை அதைத்தான் நான் எலிகளுக்கு ஏற்றிக்கொண்டிருந்தேன்.

"காக்கா, இது என்னத்துக்கு?"

அவர் உம்மாவின் முதுகைப் பார்த்தார்.

"ஒடம்புக்கு," என்றார். பிள்ளையில்லாத குறைக்குத்தான் என்று எனக்கு விளங்கியது.

விடுதி நாட்களைப் பற்றி இந்தத் தொடரில் முன்பு எழுதியபோது, ஆராய்ச்சியை ஏன் பாதியில் விட்டுவிட்டு வாத்தியார் வேலைக்குப் போனீர்கள் என்று வாசகர் சிலர் கேட்டிருந்தார்கள். இந்த ஒரு கேள்வியைத்தான் இத்தனை வாரமாகத் தாண்டித் தாண்டிப் போனேன். காக்காவும் மௌத்தாகிவிட்டார், பரீதா மதினியும் போய்ச் சேர்ந்துவிட்டார். இனி எழுதலாம். எண்பதுகளின் தொடக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருடத்தைச் சரியாகச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

எலிகளின் அறை

விலங்கியல் கட்டடத்தின் பின்பக்கம், பாக்கு மரங்களின் நிழலில் இருந்தது எலிகளின் அறை. கதவைத் திறந்ததும் மூத்திரமும் மரத்தூளும் கலந்த நெடி மூக்கில் ஏறும். விடுதிக்குப் போய்ச் சவர்க்காரம் போட்டுக் குளித்தாலும் முந்தானைக்குள் அது இருக்கும். வெள்ளை எலிகள், சிவப்புக் கண்கள். முதல் மாதம் பயந்தேன். பிறகு பெயர் வைக்காமல் இருப்பதற்குத்தான் கஷ்டப்பட்டேன்.

ஆண் எலிகளுக்கு ஆண் ஓமோனைக் கொடுத்தால் அவற்றின் விதைகளுக்கு என்ன நடக்கிறது என்று பார்ப்பதுதான் என் வேலை. எண்ணெயில் கரைத்த மருந்தைத் தோலுக்குக் கீழே ஏற்றுவேன். சில வாரங்கள் போனதும் ஈதர் பஞ்சு போட்ட கண்ணாடிச் சாடிக்குள் விட்டு மூடுவேன். விதைகளை வெட்டியெடுத்து நிறுத்து, மஞ்சள் திரவத்தில் ஊறவிடுவேன். உம்மா கண்ட மஞ்சள் அதுதான். பிறகு மெழுகில் பதித்து, தாளைவிட மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றி, நுணுக்குக்காட்டிக்குக் கீழே வைப்பேன்.

நல்ல எலியின் விதையை வெட்டிப் பார்த்தால் வட்ட வட்டமாகச் சிறுகுழாய்கள் தெரியும். ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் உயிர்க்கலங்கள் அடுக்கடுக்காக நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். நடுவில் விந்துகளின் வால்கள் சுழியாகச் சேர்ந்திருக்கும். முதல் முறை பார்த்தபோது சுபுஹானல்லாஹ் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

ஊசி ஏற்றிய எலிகளின் குழாய்கள் சுருங்கிப் போயிருந்தன. சுவரோரம் ஒன்றிரண்டு கலங்கள். நடுவில் ஒன்றுமில்லை. ஆனால் அந்த எலிகள் வெளிப்பார்வைக்கு நோஞ்சானாக இருக்கவில்லை. ஆணுக்குரிய மற்றச் சுரப்பிகளெல்லாம் பருத்து நிறைந்திருந்தன. விதைகள் மட்டும் கையில் எடுத்தால் பாரமே தெரியாது. ஊசியை நிறுத்திச் சில மாதம் விட்டுவைத்த எலிகளில்தான் குழாய்கள் மறுபடி நிறைந்திருந்தன.

எங்கள் பக்கம் உழவு தொடங்குமுன் நாம்பன் மாடுகளுக்குக் காயடிப்பார்கள். சின்ன வயதில் வேலிக்குள்ளால் பார்த்திருக்கிறேன். நாலு பேர் பிடித்து அமுக்க, மாடு அலறுகிற சத்தம் வாய்க்கால்வரை கேட்கும். அதற்குப் பிறகு சில நாள் மாடு இளைத்து, தலையைத் தொங்கப் போட்டு நிற்கும். என்ன செய்தார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். ஒரு சத்தமும் இல்லாமல், உடம்பையும் தேற்றிக்கொண்டே அதே வேலையைச் செய்கிற மருந்து ஒன்று உண்டு என்பதை ஊருக்கு யார் சொல்வது?

பெருநாள் முடிந்து திரும்பியதும் பேராசிரியரிடம் போனேன். யாழ்ப்பாணத்தவர், அதிகம் கதைக்காதவர். என் அண்ணன் பிள்ளையில்லாமல் இந்த ஊசியைப் போடுகிறார் என்று சொல்லி முடிப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. அவர் பேனையை மூடி வைத்தார்.

"பிள்ளை வேணுமெண்டோ இதைப் போடினம்? ஆம்பிளையளுக்குக் கருத்தடை மருந்தா இதைப் பாவிக்கலாமோ எண்டெல்லோ கனபேர் ஆராயினம். உடன நிப்பாட்டச் சொல்லும்."

"நிப்பாட்டினா திரும்ப வருமா சேர்?"

"எலியளுக்கு வந்ததை நீரே பாத்தனீர். மனிசரிலயும் கனபேருக்கு வரும். ஆனா எப்ப எண்டு என்னால சொல்லேலாது. மாதக்கணக்கும் ஆகும், அதுக்கு மேலயும் ஆகும்."

மதினியிடம் சொன்னேன்

ஒரு தங்கை தன் காக்காவிடம் இதை எந்த வாயால் சொல்வது? அடுத்த விடுமுறையில் மதினியிடம்தான் போனேன். பரீதா மதினி குசினி வாசலில் சூடை மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். சிரிக்கும்போது புறங்கையால் வாயை மறைக்கிற பழக்கம் அவருக்கு. கலியாணமாகி மூன்று, நாலு வருடமாக ஓதிக் கொடுத்த தண்ணீரும், யாரோ இடித்துக் கொடுத்த மருந்துகளும் குடித்துக் குடித்து அந்தச் சிரிப்பு அபூர்வமாகிவிட்டிருந்தது.

குழாய், கலம் என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன். அவர் மீனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில், "வயல்ல தண்ணி நெறஞ்சி கிடக்கெண்டு கண்டா வாய்க்கால்ல கதவப் பூட்டிடுவாங்கதானே மதினி? ஊசி அப்பிடித்தான். வெளிய இருந்து ஊத்த ஊத்த, போதும் எண்டு மூளை உள்ளுக்குப் பூட்டிடும். விதை சும்மா கிடந்து காஞ்சி போகும்," என்றேன்.

அவர் கையிலிருந்த மீனைச் சட்டிக்குள் போட்டார்.

"அப்ப அந்த ஊசிதான் கெடுக்குதா?"

"ஓம்."

"நான் எப்பிடி புள்ள அவருக்கிட்டச் சொல்ற? அந்த ஊசி போட்ட பொறகுதான் மனிசன் தலய நிமித்தி நடக்கார்."

அது உண்மைதான். காக்காவின் தோள்கள் அகன்றிருந்தன. நாவிதன்வெளி வயலில் நெல் மூட்டையைத் தனியாகத் தூக்கி வண்டியில் போடுவாராம். ஊரில் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள், சிரிப்பில் பொறாமையும் இருக்கும்.

"நான் எலியா?"

மறுநாள் காலை காக்கா வந்தார். உம்மா கிணற்றடியில் இருந்தார்.

"பரீதாக்கிட்ட என்ன சொன்ன நீ?"

"உண்மையத்தான் சொன்னன் காக்கா."

"நீ எலிக்கு ஊசி போடுறவ. நான் எலியா?" சட்டைக் கையை மடித்து மேலே தள்ளினார். "இஞ்ச பாரு. இது காஞ்சி போறவன்ட கையா? கெட்டுப்போறவன்ட கையா? சொல்லு."

அந்தக் கையைப் பார்க்க எனக்கு அழுகை வந்தது. அவர் அதைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"சரி, வா. டொக்டருக்கு முன்னால வந்து சொல்லு. ரெண்டு பேரும் கதைச்சிக்கங்க."

கடைத்தெருவில் ஒரு புடவைக்கடைக்குப் பக்கத்து அறையில் காக்கா ஊசி போட்டுவந்தார். ஊசி போடுகிறவரை டொக்டர் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள், எங்கே படித்தவர் என்று யாரும் கேட்டதில்லை. வெளியூர்க்காரர். சில வருடங்களில் கடையைப் பூட்டிக்கொண்டு எங்கேயோ போய்விட்டார். என்னை அவமதித்தார் என்று எழுதினால் பொய்யாகும். மிகவும் தன்மையாகக் கதைத்தார்.

"தங்கச்சி, நீங்க படிச்ச புள்ள, சந்தோசம். ஆனா எலிக்கும் மனிசனுக்கும் வித்தியாசம் இல்லையா? ஆம்பிளச் சத்துக் கொறஞ்சவருக்கு ஆம்பிளச் சத்தத்தானே குடுக்கணும்? சந்தேகம் எண்டா ஒரு சோதன எடுத்துப் பாப்பம்."

மட்டக்களப்புக்குப் போய்ச் சோதித்தார்கள். ஒரு விந்துகூட இல்லை என்று வந்தது.

டொக்டர் காக்காவின் தோளில் கைவைத்துச் சொன்னார்: "பாத்தீங்களா? இதுக்குத்தான் நான் ஊசி போடுறன். இன்னும் கூட்டணும்."

"ஊசி போட முந்தி ஏன் பாக்கல்ல?" என்று கேட்டேன். அவர் வெளியே காத்திருந்த அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

கடற்கரைப் பக்கமாக நடந்து வந்தோம். கரைவலை இழுக்கிறவர்களின் சத்தம் காரைதீவுப் பக்கமிருந்து விட்டு விட்டுக் கேட்டது. காக்கா செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். பிறகு மணலைப் பார்த்தபடியே கேட்டார்.

"முந்தியும் எனக்கு இப்பிடித்தான் இரிந்திருக்குமா?"

"தெரியா காக்கா. பாக்காமத்தானே போட்டாங்க. முந்தி எல்லாம் சரியாக்கூட இரிந்திருக்கலாம். நீங்க போன நேரம் இன்னும் ஒரு வருசம் சும்மா விட்டிருந்தா..."

"போதும். சொல்லாத." கையை உயர்த்தித் தடுத்தார். கொஞ்ச தூரம் போனதும், "நிப்பாட்டுறன்," என்றார்.

அவர் என்னை நம்பினார். அதற்குப் பிறகு நடந்ததை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தாங்க முடியாமல் இருப்பது அதுதான்.

ஊசி நின்ற பிறகு

எலிகளைப் பார்த்து நான் அறிந்திருந்தது விதையை மட்டும். எலி தன் மனத்தில் என்ன பட்டது என்று யாருக்கும் சொல்லவில்லை.

ஊசி நின்றதும் காக்கா சரிந்துபோனார். வெளியிலிருந்து வந்ததும் இல்லை, உள்ளே தூங்கிக்கொண்டிருந்தது எழும்பவும் இல்லை. தோள்கள் வற்றின. அறுவடைக் காலத்தில் வயல் வாடிக் குடிசைக்குள் பாயைப் போட்டுப் பகலெல்லாம் படுத்துக் கிடந்தார். வெட்டுக்காரர்கள் வந்து கேட்டால், "நீங்களே பாத்துச் செய்ங்க," என்று சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார். சாப்பாடு வேண்டாம். சத்தமாக யாராவது கதைத்தால் கண் கலங்கும். இரவில் மதினிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு விழித்திருப்பாராம்.

இப்படி ஆகும், இது கடந்துபோகும் என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். யார் கேட்கிறார்கள்? சோதனையில் ஒரு விந்துமில்லை என்ற கதை ஏற்கனவே கடைத்தெருவில் நடந்துகொண்டிருந்தது. மதினியின் மூத்த காக்கா எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். உம்மா கொடுத்த தேத்தண்ணியைத் தொடவில்லை.

"ஊசி போட்டா மனிசன், போடாட்டி மையித்து. இப்பிடி ஒரு ஆளோட எங்கட தங்கச்சி காலம் முழுக்கக் கிடக்கணுமா? ஒரு புள்ளயப் பாக்காமலே அவ கிழவியாகணுமா? நீங்களே சொல்லுங்க சாச்சி."

உம்மா ஆறிப்போன தேத்தண்ணியை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனார். அவருக்கும் ஒரு மகள் இருந்தாள்.

அன்று பின்னேரம் மதினி என்னைத் தேடி வந்தார். முக்காட்டை இழுத்துப் பிடித்தபடி வாசல் நிலையில் சாய்ந்து நின்றார்.

"இன்னும் எத்தின மாசம் புள்ள?"

"எனக்குத் தெரியா மதினி."

"ஒரு மாசத்தச் சொல்லு. அத வெச்சி நான் அவங்கட கையக் காலப் புடிச்சாவது நிறுத்துவன். எனக்குப் புள்ள வேணும்தான். ஆனா அவரும் வேணும்."

"நிச்சயமா வரும் எண்டுகூட என்னால சொல்ல ஏலா மதினி. வரலாம். அவ்வளவுதான் தெரியும்."

"எலிக்குத் தெரிஞ்ச ஒனக்கு, கூடப் பொறந்தவனுக்குத் தெரியாதா?"

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே விளங்காமல் கேட்டார். எனக்கும் விளங்கவில்லை.

உரப்பை

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குச் சொந்தம். தாய் தகப்பன் மகளுக்குக் கட்டிக் கொடுப்பது. ஆண் அங்கே போய் வாழ்கிறான், பிரிவு வந்தால் அவன்தான் வெளியே வருகிறான்.

விவாகரத்தை விசாரித்த காதியாருக்கு முன்னால் காக்கா ஒரு வார்த்தை எதிர்த்துக் கதைக்கவில்லை. பரீதா பிள்ளை பெறவேண்டும், நான் மறிக்கமாட்டேன் என்று மட்டும் சொன்னாராம். அடுத்த நாள் உடுப்புகளை எடுக்கப் போனபோது நானும் கூடப் போனேன். சாரன்கள், இரண்டு சேட்டு, சவரப் பெட்டி. ஒரு வெறும் உரப்பைக்குள் எல்லாம் அடங்கிவிட்டன.

மதினி வெளியே வரவில்லை. பின்வளவில் குழாய்க்கிணற்றை அடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. விடாமல் அடித்தார். வாளி நிறைந்து, வழிந்து, தண்ணீர் வளவு மண்ணில் ஓடி முன்வாசல்வரை வந்துவிட்டது. காக்கா ஈரத்தில் செருப்பை மாட்டிக்கொண்டு, சத்தம் வந்த பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு நடந்தார். நாங்கள் தெருமுனை திரும்பும்வரை அந்தச் சத்தம் நிற்கவில்லை.

அதற்குப் பிறகு நான் பல்கலைக்கழகத்துக்குப் போனேன். புதிய எலிகள் வந்திருந்தன. ஊசியில் எண்ணெயை இழுத்தேன். அது மெல்ல ஏறியது. கையைக் கீழே வைத்துவிட்டுப் பேராசிரியரின் அறைக்குப் போனேன். ஆராய்ச்சியை விட்டுப் போகிறேன் என்றேன், அவர் காரணம் கேட்கவில்லை. "ஓம், போயிட்டு வாரும்," என்று மட்டும் சொன்னார். காற்சட்டை போட்ட பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிற வேலைதான் பிறகு ஊரில் கிடைத்தது.

மருத்துவமனை வாங்கில்

அடுத்த வருடங்கள் எல்லோருக்கும் கெட்ட வருடங்கள். தமிழ் ஊர்களுக்கும் முஸ்லிம் ஊர்களுக்கும் நடுவில் தெருக்கள் பூட்டப்பட்டன. நாவிதன்வெளிக்குப் போக முடியாமல் வயல் புல் மண்டிக் கிடந்தது. காக்கா வீட்டிலேயே இருந்தார். ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக முகத்தில் சதை பிடித்தது. சோறு கேட்டார். ஒருநாள் உம்மாவிடம் எதையோ சொல்லிச் சிரித்ததைக் கேட்டு, நான் வகுப்புக்குப் போகாமல் வாசலில் நின்றுவிட்டேன்.

மதினிக்குச் சம்மாந்துறையில் கலியாணம் பேசி முடித்தார்கள். அடுத்த வருடமே ஆண் பிள்ளை.

அந்தச் செய்தி வந்து கொஞ்ச நாளில் காக்கா என்னிடம் சொன்னார்: "ஒருக்காப் பாத்துடுவமே புள்ள." எதை என்று நான் கேட்கவில்லை. தெரு திறந்திருந்த ஒரு கிழமையில் மலைநாட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். அங்கே ஆய்வுகூடத்தில் என்னோடு படித்த ஒருத்தி இருந்தாள். சோதித்துப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து, "உங்கட அண்ணாவுக்கு ஒரு குறையும் இல்லையே, எதுக்குச் சோதிச்சீங்க?" என்று கேட்டாள்.

காக்கா வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்தார். மழை தூறிக்கொண்டிருந்தது. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"எல்லாம் சரியாம் காக்கா."

"சரி எண்டா?"

"புள்ள பெறலாமாம்."

அவர் தலையை ஆட்டினார். கைகள் இரண்டையும் தொடைகளுக்கு நடுவில் வைத்துக்கொண்டு, எதிரே பிள்ளைத்தாச்சிகள் வரிசையில் நிற்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை.

"ஊருக்குச் சொல்லணும் காக்கா. அந்த மச்சான்மாருக்குச் சொல்லணும். கடத்தெருவில எல்லாருக்கும்..."

"வேணாம்."

"ஏன்? ஒங்கள என்ன சொன்னாங்க!"

"பரீதாட காதுக்குப் போயிடும்." என் பக்கம் திரும்பினார். "இது தெரிஞ்சா அவ அந்தப் புள்ளயத் தூக்கக்குள்ளயெல்லாம் இதயே நெனப்பா. அந்தப் புள்ள என்ன செஞ்சிச்சி? நீ சத்தியம் பண்ணு."

பண்ணினேன்.

அந்த வருடமே அவர் சவூதிக்குப் போனார். பிறகு கலியாணம் முடிக்கவில்லை. பெண் தரவும் யாரும் முன்வரவில்லை, அவரும் வாய் திறக்கவில்லை.

இரண்டு வருடம் கழித்து, கல்முனைச் சந்தையில் மதினியைக் கண்டேன். இடுப்பில் அந்தப் பிள்ளை, கையில் கீரைக்கட்டு. சனத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். உம்மாவைச் சுகம் கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"காக்காக்கு அது... கொஞ்சமாவது குணமாச்சா புள்ள?"

பிள்ளை என் குடைக்கம்பியைப் பிடித்து இழுத்தது.

"இல்ல மதினி," என்றேன். "அப்பிடியேதான்."

அவர் கண்களை மூடி ஒரு பெருமூச்சு விட்டார். "அல்லாட நாட்டம்," என்றார். பிள்ளையை மற்ற இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, மீன் வாங்கப் போனார்.